மூன்றேகால் கிலோ ஆணி

எங்கள் பின்வளவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வெளிவந்த ஆணிகளையும் கட்டுக்கம்பித் துண்டுகளையும் இன்று காலை பழைய இரும்புக்காரர் நிறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றேகால் கிலோ என்றார். பின்வளவு என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, கொழும்பு வெள்ளவத்தையில் அது ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு துணிக்கொடி, ஒரு தண்ணீர்க்குழாய், அவ்வளவுதான். போன வருடம் குசினியை நீட்டிக் கட்டிய மேசன் பாஸ், பலகையடித்த ஆணிகள் அத்தனையையும் அந்தச் சிறு துண்டு நிலத்தில் சத்தமில்லாமல் நல்லடக்கம் செய்துவிட்டு, வளவைத் துப்புரவாக்கியதற்கென்று தனியாக ஒரு நாள் கூலியும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

அம்மாவின் மோதிரமும் அங்கேதான் விழுந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள், அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றும்போது விரலிலிருந்து நழுவியது. பிறகு மழையும் எங்கள் கால்களுமாகச் சேர்ந்து அதை மண்ணுக்குள் மிதித்துவிட்டன. அரைப் பவுண். சீனி வருத்தத்தால் அம்மா மெலிந்த நாளிலிருந்து அதற்கு நூல் சுற்றித் தருகிறேன் என்று நான் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது வீட்டில் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது.

விடுமுறைக்கு வந்திருந்த லண்டன் அத்தான் கதையைக் கேட்டதும் பெட்டியைத் திறந்து ஒரு மெட்டல் டிடெக்டரை வெளியே எடுத்தார். அதை எப்படி நாட்டுக்குள் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்ற அம்மா, கருவியைக் கண்டதும் கைப்பையைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றார். கொழும்புச் சோதனைச்சாவடிகளில் பழகிய உடம்பு அது. அதற்குப் போர் முடிந்த செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. “இது மண்ணைச் சோதிக்கிற மெஷின், மாமி” என்று அத்தான் விளக்கிய பிறகும், “அடையாள அட்டையை எடுத்து வரவோ?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

அத்தான் இங்கிலாந்தில் சனி ஞாயிறுகளில் உழுத வயல்களில் பழைய நாணயம் தேடுபவர். இரும்பை ஒதுக்கிவிடும்படி கருவியை அமைத்துவிட்டு, அதன் அடியிலிருந்த பதினொரு அங்குல உணர்வட்டத்தை மண்ணுக்கு மேலே அரிவாள் வீசுவதுபோல வீசினார். கருவி மௌனவிரதம் பூண்டது. பிறகு திடீரென்று உச்சஸ்தாயியில் பாடியது. தோண்டினால் சோடாப் போத்தல் மூடி. அதுவும் இரும்புதான், ஆனால் மெல்லிசாகவும் வட்டமாகவும் இருப்பதால் கருவியை ஏமாற்றிவிடுமாம். அடுத்த பாட்டுக்கு அம்மாவின் குளிசை அட்டை ஒன்று வந்தது. பொன் மோதிரத்துக்கும் அந்த அலுமினியத் தாளுக்கும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்தான் விழும். தாளை ஒதுக்கச் சொன்னால் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடும். இந்தக் குணமுள்ள உறவினர் எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே மூவர் இருப்பதால் நான் வியப்படையவில்லை. ஒரு மணிநேரத்தின் பின், உங்கள் வளவில் மோதிரமே இல்லை என்று அத்தான் தீர்ப்பளித்தார்.

அதுவரை படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த சித்தியின் மகன்தான் அப்போது எழுந்தான். ஆறு வருடம் வடக்கில், போர்முனையாயிருந்த முகமாலையில் மிதிவெடி அகற்றியவன். கேட்டாலொழிய வாய் திறக்காதவன். ஆணிக்குப் பக்கத்தில் மோதிரம் கிடந்தால் கருவி முதலில் ஆணியைக் கேட்டு வாயை மூடிக்கொள்ளும், அது மறுபடி வாய் திறப்பதற்குள் வட்டம் மோதிரத்தைத் தாண்டிவிடும், ஆகையால் முதலில் ஆணியைக் கிளப்ப வேண்டும் என்றான். மிதிவெடியில் உலோகம் மிகக் கொஞ்சமாகவே இருக்கும் என்பதால் அவர்களுடைய வேலையில் இரும்பை ஒதுக்குகிற சலுகையே கிடையாதாம். எது கத்தினாலும் முழங்காலில் இருந்து கிளறித்தான் பார்க்க வேண்டும்.

துணிக்கொடியை அவிழ்த்து நிலத்தைச் சதுரங்களாகக் கட்டினான். அம்மாவின் தட்டகப்பையால் மண்ணைப் பக்கவாட்டாகச் சுரண்டி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதன்மேல் பிடித்தான். ஒவ்வொரு முறையும் அது முள்ளம்பன்றியாகத் திரும்பி வந்தது. மூன்றாம் சதுரத்தில், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த, 1944ஆம் ஆண்டின் நாலு மூலை ஐந்து சதம் ஒன்று கிடைத்ததில் அத்தானுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

பக்கத்து மாடியின் மூன்றாம் தட்டிலிருந்து அன்ரி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் 1940ஆம் ஆண்டிலிருந்து தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. புதையல் தோண்டியவர்கள் பூசைப் பொருட்களோடு பிடிபட்ட செய்தியைப் பத்திரிகையில் வாசிக்காதவர் யாருமில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா, சர்பத்துக்கு வெட்டிய தேசிக்காய்களை ஒரு தட்டிலும், பொழுதுபட்டுவிட்டதென்று விளக்கை இன்னொரு கையிலுமாகக் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் வைத்தார். “வளவுக்குள் என்ன விசேஷம்?” என்று அன்ரி கேட்டார். அம்மாவின் மோதிரம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஏழாம் சதுரத்தில் நான்கு ஆணிகளும் ஒரு வளைந்த கம்பியும் வெளியேறிய பிறகு, அத்தான் முன்பு பத்துமுறை கடந்துபோன அதே இடத்தில் கருவி மெல்லிசாக ஒரு ஒலி எழுப்பியது. கிழக்கிலிருந்து வீசினாலும் வடக்கிலிருந்து வீசினாலும் அந்த ஒலி உடையவில்லை. இரண்டு விரற்கடை ஆழத்தில் மோதிரம் கிடந்தது; உள்ளே களி அடைத்து, நடுவே மயிரிழை போன்ற கறிவேப்பிலை வேர் ஒன்று நுழைந்திருந்தது. அம்மா அதைக் கழுவவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

நாங்கள் எழுந்து கைதட்டினோம். அவன் மட்டும் எழும்பவில்லை.

“கிடைச்சிட்டுதே, இனி என்ன?” என்று அத்தான் கேட்டார்.

“கட்டின சதுரம் இன்னும் ரெண்டு கிடக்குது, அண்ணை. விட்டுப்போட்டுப் போகேலாது.”

இருட்டிவிட்டது. அம்மா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு எதிரே குந்தியிருந்தார். மேலே அன்ரி தன் ஜன்னல் விளக்கை அணைத்துவிட்டு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.