ஏக்கருக்கு இரண்டு டன்

“என்னத்தா இது, முத்துன காயை வெட்டிக் கீழ போடுறானுக?”

காரை நிறுத்தச் சொல்லி இறங்கிய அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். போன ஆகஸ்ட் கடைசி. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம், டண்டீ மலைச் சரிவில் ஒயினுக்கான ஒரு திராட்சைத் தோட்டம், பேர் வேண்டாம். ஏழெட்டு வேலையாட்கள் வரிசை வரிசையாகப் போய்க் குலைகளை வெட்டி மண்ணில் போட்டுக்கொண்டே போனார்கள். கூடை இல்லை, வண்டி இல்லை. அழுகல் குலையாக இருந்தால்கூட அப்பாவுக்கு மனசு ஆறியிருக்கும். எல்லாம் கல்லு மாதிரி நல்ல குலை.

நாங்கள் கம்பம் பக்கம். சுருளிப்பட்டி போகிற வழியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண், கம்பி, மேலே பந்தல். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த நிழலில்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். கவாத்து வெட்டி நாலு மாசத்தில் பழம், இரண்டு வருஷத்தில் ஐந்து போகம். உதிர்ந்த பழத்தைக்கூட அம்மா விடமாட்டாள், பொறுக்கிக் கழுவி எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்ட வீட்டு மனிதர் முன்னால் இப்படிக் குலை குலையாகத் தரையில் கிடந்தால் என்ன செய்வார்?

நான் இங்கே வந்து பதினொரு வருஷம். ஹில்ஸ்பரோவில் சிப் கம்பெனி வேலை. உள்ளூர்க்காரி தோரணையில் விளக்கம் சொன்னேன். இங்கே வருஷத்துக்கு ஒரே அறுப்பு, செப்டம்பர், அக்டோபரில். மழை பிடிப்பதற்குள் பழுத்தாக வேண்டும். மற்ற குலைகள் நிறம் மாறிய பிறகும் பச்சையாகப் பின்தங்கி நிற்பதை வெட்டிவிட்டால் மிச்சம் நன்றாகப் பழுக்கும். ஒயினுக்கு எடையைவிட ருசிதான் முக்கியம். ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை டன் வந்தால் போதும்.

“ரெண்டு டன்னா? அதுக்கு எதுக்குத் தோட்டம்?”

கொஞ்ச நேரம் கழித்து, “நாங்களும் கழிப்போம்த்தா. பிஞ்சுல கழிப்போம். இப்படி வளர்த்துவிட்டு இல்ல” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மண்ணைப் பார்த்ததும் சற்று இளகினார். அது அசல் செம்மண். எரிமலைப் பாறை உதிர்ந்து இரும்புச் சத்தோடு சிவந்த மண், ஜோரி என்று பேர். 2011இல் ஆரிகனின் மாநில மண்ணாகவே அறிவித்திருக்கிறார்கள். நமக்கு மாநில மரம், மாநிலப் பறவை தெரியும், மண்ணுக்குமா என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிசைந்தார். கொடிகளை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பந்தல் கிடையாது, இடுப்பு, மார்பு உயரத்தில் கம்பியில் நிறுத்தியிருக்கிறார்கள். “தக்காளிக்குக் குச்சி நட்ட மாதிரி இருக்கு.” பல தோட்டங்களில் தண்ணீரே பாய்ச்சுவதில்லை என்று சொன்னதை அவர் நம்பவும் இல்லை.

அன்றைக்கு நாங்கள் கிளம்பியது வேறொரு தோட்டத்தைப் பார்க்க. பிரான்சில் போன் என்றொரு ஊர் (பேசுகிற போன் இல்லை). அங்கே 1880இல் தொடங்கிய ஒயின் குடும்பம், த்ரூவான் குடும்பம். 1979இல் பாரிஸில் நடந்த ஒரு சுவைப் போட்டியில் ஆரிகன் பினோ நுவார் (கறுப்புத் திராட்சை வகை ஒன்று, அதன் ஒயினுக்கும் அதே பேர்) ஒன்று பெரிய பெரிய பிரெஞ்சுப் பாட்டில்களோடு முன்வரிசையில் வந்துவிட்டது. டேவிட் லெட் என்பவர் இதே டண்டீ மலையில் வளர்த்த பழம். ரோபேர் த்ரூவான் அடுத்த வருஷம் போனிலேயே மறுபோட்டி வைத்தார். அவருடைய 1959ஆம் வருஷத்து ஒயின் முதலில் வந்தது, லெட்டின் ஒயின் மயிரிழையில் இரண்டாவது. வேறு யாராவது என்றால் ஜெயித்தோம் என்று துண்டை உதறித் தோளில் போட்டிருப்பார்கள். இவர் 1987இல் இங்கேயே நிலம் வாங்கினார், நாங்கள் பார்க்கக் கிளம்பியது அந்தத் தோட்டத்தைத்தான். மகள் வெரோனிக் அதற்கு முந்தின வருஷமே வந்து இங்கே வேலை பழகியிருந்தார். 2013இல் பக்கத்து மலையில் இன்னொரு தோட்டமும் சேர்ந்தது.

இதையெல்லாம் காரில் சொன்னேன். விவசாயக் குடும்பக் கதை என்றால் அப்பாவுக்குச் சாப்பாடு வேண்டாம்.

“ரெண்டு ஊர்லயும் ஒரே மாசத்துல அறுப்பு வந்தா யாரு பாக்குறது?”

எனக்கு இத்தனை வருஷம் தோன்றாத கேள்வி. வெரோனிக் அங்கும் இங்கும் பறந்துகொண்டிருப்பார், கொடிகளை அண்ணன் ஃபிலிப் பார்ப்பார், விற்பனை, நிர்வாகம் என்று மற்ற இரண்டு சகோதரர்கள் என்றேன்.

“நாலு பிள்ளையும் தோட்டத்துலயா?”

“ஆமாப்பா.”

அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். தம்பி சிங்கப்பூரில். அப்பாவுக்கு முழங்கால் போனதும் ஒன்றரை ஏக்கரும் குத்தகைக்குப் போய்விட்டது.

சுவை பார்க்கிற கூடத்தில் மனிதர் தேறிவிட்டார். பக்கத்து மேசையில் ஒருவர் ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்துக் குவளையில் துப்பினார். “காசு குடுத்து வாங்கித் துப்புறானேத்தா! நம்ம ஊர்ல ஒரு சொட்டு சிந்துனா கொலை விழும்.” சத்தமாகச் சொன்னார். நல்லவேளை, தமிழில். அவர் குடிப்பதில்லை. பன்னீர் திராட்சையையும் 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள் என்றேன். “அவன் குடுத்தான், நாம சாப்பிட்டோம், துப்பலையே” என்றார். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பக்கத்துக் கடைக்காரருக்கு மிட்டாய் கொடுத்த ஆள்.

வீட்டுக்கு வந்ததும் தோள் துண்டை அவிழ்த்தார். உள்ளே பச்சைக் குலைகள், எப்படியும் இரண்டு கிலோ இருக்கும். எப்போது பொறுக்கினார், யாரைக் கேட்டார், இன்றுவரை தெரியாது. “அமெரிக்காவுல வந்து திருட்டா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ராத்திரி புளிக்குப் பதிலாக அதைப் போட்டு ரசம் வைத்தாள். மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்தோம்.

இருவரும் ஊருக்குப் போனபிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவின் முதல் விசாரிப்பு பேரனைப் பற்றி, அடுத்தது அந்தத் தோட்டம். “அறுத்துட்டானா?” அக்டோபர் முதல் வாரம் அந்தப் பக்கம் போனேன், அறுத்திருந்தார்கள். கம்பியில் இலை மட்டும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. எம்புட்டு வந்துச்சு என்றார். எனக்கென்ன தெரியும்? ரெண்டு டன் இருக்கும்ப்பா என்று அடித்துவிட்டேன். “ம்” என்றவர், கவாத்து வெட்ட ஆள் கிடைக்காமல் குத்தகைக்காரர் ஒரு போகத்தை விட்டுவிட்டார் என்று வேறு பக்கம் பார்த்துச் சொல்வது மாதிரி சொன்னார்.

நேற்று ஃப்ரீசரில் கடைசிப் பை. ரசம் வைத்தேன். அம்மா வைத்த அளவுக்கு இல்லை. மகன் சோற்றிலிருந்து விதைகளைப் பொறுக்கித் தட்டோரம் வரிசையாக வைத்துவிட்டு, இது முளைக்குமா என்று தாத்தாவுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினான். அங்கே விடிகாலை ஆறு மணி. உடனே பதில் வந்துவிட்டது: “குச்சி நட்டாத்தான் வரும்.”