அவசர மருத்துவப் பயிற்சிக்குப் போய்வந்த பாதை

மட்டக்களப்பு மாவட்டத்தின் வைத்தியசாலை ஒன்றில் வைத்திய அதிகாரியாக இருந்தபோது, மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய இளைஞன் ஒருவனை நாங்கள் இழந்தோம். கண்ணுக்குத் தெரிந்த தொடைக் காயத்துக்குக் கட்டுப் போடுவதிலேயே முனைந்திருந்த எங்களில் எவரும், உடைந்த இடுப்பெலும்புக்குள் வழிந்துகொண்டிருந்த இரத்தத்தைத் தேடவில்லை. அவசர மருத்துவத்தில் எம்.டி. என்னும் பட்டப்பின் படிப்பைப் படிக்க நான் விண்ணப்பித்ததற்கு வேறு காரணம் இல்லை.

கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் பரீட்சைகள் கடினமானவை. ஆனாலும் படித்தால் கடக்கலாம். என்னை வாட்டியது வெளிநாட்டுப் பயிற்சிக்கான ஏற்பாடுகளே. நான் பயிற்சிக்குப் போகவிருந்த பிரித்தானியாவின் மருத்துவச் சபையில் பதிவு பெற, ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் ஒரே அமர்வில் மொத்தமாக 7.5 உம் ஒவ்வொரு பகுதியிலும் 7.0 உம் எடுக்க வேண்டியிருந்தது. முதல் முறை எழுத்துப் பகுதியில் எனக்கு 6.5 தான் கிடைத்தது. இரவுக் கடமை முடிந்த காலைகளில் கட்டுரை எழுதிப் பழகி, இரண்டாம் முறை தேறினேன். பெறுபேறு 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால், அடுத்து விண்ணப்பிக்கும் தம்பி தங்கையர் மிக முந்தியும் எழுதிவிடக் கூடாது. பட்டச் சான்றிதழ் சரிபார்ப்பும் விசாவும் பொறுமையைத்தான் கேட்டன.

பிரித்தானிய வைத்தியசாலையில் நோயாளி வந்து சேருமுன்பே யார் சுவாசப் பாதையைப் பார்ப்பது, யார் இரத்தம் எடுப்பது என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுவார்கள். குழுத் தலைவர் எதையும் தொடாமல் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் கவனிப்பார். கடும் இரத்தப்போக்கு உள்ளவருக்கு இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரனெக்ஸாமிக் அமிலத்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் அதை உரத்துச் சொல்வதன் பெறுமதியை அங்கேதான் கண்டேன். இடுப்பெலும்பு முறிவுக்குச் சுற்றி இறுக்கிக் கட்ட அவர்களிடம் தனிப் பட்டி இருந்தது. அது இல்லாத இடத்தில் மடித்த படுக்கை விரிப்பே போதும் என்றும், அதை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் அல்லாமல் தொடையெலும்பின் மேற்புடைப்பு மட்டத்தில் இறுக்க வேண்டும் என்றும் கற்பித்தார்கள்.

திரும்பி வந்த பின், அம்பாறை மாவட்டத்தில் உழவு இயந்திரம் புரண்டு நசுங்கிய விவசாயி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மடித்த படுக்கை விரிப்பின் மறுமுனையைச் சிற்றூழியர் ஐயா பிடித்து இழுக்க, முழங்கால்களைச் சேர்த்துவைத்து அதை இறுக்கினோம். கட்டிய நேரத்தை அந்தத் துணியிலேயே பேனாவால் பெரிதாக எழுதி, சத்திரசிகிச்சைக் கூடம்வரை முடிச்சை அவிழ்க்க வேண்டாம் என்று கூடச் சென்ற தாதியிடம் சொல்லி அனுப்பினேன்.