கண்டம் இல்லாத கண்டக்குழம்பு

ஆறு வருடத்துக்கு முன்னால், குலசாமி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை என் கையாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு கறி, மீன் எல்லாவற்றையும் விட்டேன். பிரியாணியை விட்டது சிரமமாக இல்லை. கோழி ஞாபகத்துக்கே வரவில்லை. மீன்குழம்பு வாசத்துக்குக் கொஞ்ச நாள் மனசு அலைந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. அடங்காமல் நின்றது ஒன்றுதான். ஆத்தா வைக்கிற உப்புக்கண்டக் குழம்பு.

எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். கிடா வெட்டிக் கறி மிஞ்சினால், பிரிட்ஜ் இல்லாத அந்த வீட்டில் அது கண்டமாகிவிடும். எலும்பில்லாத கறியை விரல் நீளத்துக்குக் கீற்றுக் கீற்றாக அறுத்து, கல்லுப்பு, மஞ்சள், அரைத்த மிளகாய், பூண்டு எல்லாம் பிசறி ஒரு ராத்திரி ஊறவைப்பார்கள். விடிந்ததும் கோணி ஊசியால் கயிற்றில் கோத்து முற்றத்துக் கொடியில் கட்டிவிடுவார் ஆத்தா. காக்கை வராமலிருக்கப் பக்கத்திலேயே ஒரு பழைய கறுப்புக் குடை தொங்கும். நாலைந்து வெயில் கண்டால் கறி சுருங்கிக் கறுத்துக் குச்சியாட்டம் ஆகிவிடும். மழைக்காலத்தில் அது அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற கொடிக்கு இடம் மாறும். கீழே எரிவது கருவேல விறகு.

அந்தக் கண்டத்தைக் கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுப் புளிக்குழம்பாக வைப்பார். நாக்கில் வைத்ததும் உப்பு. மெல்ல மெல்ல நாரிடுக்கிலிருந்து குழம்பு கசியும். விழுங்கின பிறகும் தொண்டையில் விறகுப்புகை நிற்கும். இந்த மூன்றும் எனக்கு வேண்டியிருந்தது, ஆடு வேண்டியிருக்கவில்லை.

முதல் இரண்டு வருடம் நான் தேடியதெல்லாம் கறி மாதிரி இருக்கிற ஏதாவது ஒன்றைத்தான். கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது மீல்மேக்கர். வெந்நீரில் போட்டுப் பிழிந்து, திரும்பக் கழுவிப் பிழிந்து, மசாலாவில் ஊறவைத்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடித்தால் குழம்புதான் வருகிறது, மெல்லுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. பலாப்பிஞ்சின் நார் கண்ணை ஏமாற்றும், ஆனால் புளிக்குழம்பில் வேகவேகக் குழைந்துவிடும். கறுப்பு உப்பு போடச் சொன்னார் ஒருவர். அதில் இருப்பது கந்தக வாசம். குழம்பு அவித்த முட்டை மாதிரி மணந்தது. பாட்டிலில் விற்கிற திரவப் புகையை அரை டீஸ்பூன் விட்டு ஒரு சட்டிக் குழம்பையும் கொட்ட வேண்டியதாயிற்று. இரண்டு சொட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்பெயினில் லா வேரா என்கிற பகுதியில் மிளகாயை ஓக் விறகுப் புகையில் இரண்டு வாரம்போல உலர்த்தி அரைக்கிறார்கள். அந்தத் தூள் எங்கள் வீட்டு உருளைக்கிழங்கு வறுவலுக்கு இன்றைக்கும் உண்டு, அவ்வளவு நன்றாக இருக்கும். புளியோடு மட்டும் அது சேரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முழங்கால் வைத்தியத்துக்காக ஆத்தா மதுரைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கினார். ஒரு காலையில் நான் மீல்மேக்கரைப் பிழிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"ஏய்யா, எதையும் காயவே போடாம கண்டம் எங்கிட்டிருந்து வரும்?" என்றார்.

அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்துக் கத்தரி வத்தலை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சைக் கறியில் கண்டத்தின் ருசி கிடையாது. உப்பும் வெயிலும் புகையும் சேர்ந்து கொடுத்த ருசி அது. நான் கறிக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தேன், கறிக்குச் செய்ததை எதற்குமே செய்யவில்லை.

அன்றைக்கு வைத்த கத்தரி வத்தல் குழம்பு பாதிக் கிணறு தாண்டியது. கத்தரிக்காயை உப்பும் மஞ்சளும் புளியும் கலந்த தண்ணீரில் ஒரு கொதி விட்டு வெயிலில் காயவைத்த வத்தல் அது. தோல் பக்கம் மெல்லுவதற்கு இருந்தது, சதை கரைந்துவிட்டது. ஆனால் உப்பு உள்ளேயிருந்து வந்தது. இதுவரை செய்த எதிலும் அது வந்ததில்லை.

அடுத்ததாகச் சிப்பிக்காளான். பட்டன் காளான் இதற்கு ஆகாது, அதில் நார் இல்லை. சிப்பிக்காளானைக் கத்தியால் தொடக்கூடாது. காம்பிலிருந்து மேல்நோக்கிக் கையால் கிழித்தால் தானாகவே நீளநீளமாகப் பிரியும். அகலம் சுண்டுவிரல் அளவு இருக்கட்டும், மெலிந்தால் காய்ந்ததும் நூலாகிவிடும். முதல் தடவை ஐப்பசியில் காயப்போட்டேன். இரண்டாம் நாள் மேகம் மூடிக்கொண்டது, மூன்றாம் நாள் கயிற்றில் பச்சைப் பூஞ்சணம். அப்படியே குப்பைக்குப் போயிற்று. அப்படிப் பூத்ததைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கவே வேண்டாம். மாசி பிறந்த பிறகுதான் மறுபடி தொட்டேன்.

ஆத்தா சொன்னபடி, வத்தலுக்குச் செய்கிற மாதிரியே. அரை கிலோ காளானுக்கு இரண்டு டீஸ்பூன் கல்லுப்பும் அரை டீஸ்பூன் மஞ்சளும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கிழித்த காளானை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, துணியில் வைத்துப் பிழிந்தேன். பிழிவதில் தயவு காட்டக்கூடாது. அப்புறம் மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், இடித்த பூண்டு எட்டுப் பல், இன்னும் கொஞ்சம் உப்பு பிசறி, ராத்திரி பிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் ஊசியும் நூலுமாக மாடிக்குப் போனேன். மூன்று வெயிலில் தயார். அரை கிலோ காளான் காய்ந்து ஐம்பது, அறுபது கிராம் நின்றது. பார்ப்பதற்குக் கண்டம் அல்ல, வெளிர் பழுப்பாகத்தான் இருந்தது. ஒன்றை எடுத்து நல்லெண்ணெயில் வாட்டினேன். ஓரம் முறுகி, நடுவில் இழுத்துக் கடிக்கிற பதம். அந்த இழுவைதான் நான் தேடிக்கொண்டிருந்தது.

காளான் ஏன் சரியாக வருகிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1908இல் டோக்கியோவில் கிகுனே இக்கேடா என்கிற வேதியியல் பேராசிரியர், கொம்பு என்கிற கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்கிற அமினோ அமிலப் பொருள் என்று கண்டுபிடித்து அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, புகைபோட்டு உலர்த்திய கட்சுவோபுஷி என்கிற மீனில் அதே மாதிரி ருசி தருகிற இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். இறைச்சியிலும் இருப்பது இதுதான். 1957இல் அகிரா குனினாக்கா, உலர்ந்த ஷிடாகே காளானில் இருக்கும் குவானிலேட்டும் இதே வேலையைச் செய்கிறது என்றும், குளுட்டமேட்டோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் ருசி வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது என்றும் காட்டினார். தக்காளியில் குளுட்டமேட் தாராளம். ஆக, காய்ந்த காளானும் நன்றாகச் சுண்டிய தக்காளியும் ஒரே சட்டியில் இருந்தால் கறிக்குழம்பின் அடிநாக்கு ருசி வரும். நான் இப்போது குழம்புக்கு ஒரே ஒரு உலர்ந்த ஷிடாகேயை மிக்ஸியில் பொடித்துப் போடுகிறேன். அதன் வாசம் தெரியாது, குழம்பு மட்டும் கனக்கும்.

உப்பும் மெல்லுவதும் கிடைத்துவிட்டன. புகைதான் பாக்கி.

மாடி வீட்டில் விறகடுப்புக்கு எங்கே போவது? வடக்கே பருப்புக்கும் கறிக்கும் தூங்கார் என்று ஒன்று போடுவார்கள். கனலும் கரித்துண்டைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுச் சட்டிக்கு நடுவில் வைத்து, அதில் நெய் விட்டு மூடிவிடுவது. அதைப் புளிக்குழம்பில் செய்தேன், மூடியைத் திறக்கிறபோது இருந்த வாசம் சோற்றில் ஊற்றும்போது இல்லை. விறகுக்கு உறுதி தருகிற லிக்னின் என்கிற பொருள் சூட்டில் உடைவதால் வருகிற குவாயகால், சிரிங்கால் என்கிற பொருள்கள்தான் நாம் புகைவாசம் என்று சொல்வது. அவை தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். சரி, அப்படியென்றால் குழம்புக்கு எதற்குப் புகை, எண்ணெய்க்குப் போடலாமே என்று தோன்றியது.

இப்போது செய்கிற முறை இதுதான். கொட்டாங்குச்சித் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து காஸ் அடுப்பில் தணலாகும்வரை காட்டுகிறேன். நெருப்பு அடங்கிச் செந்தணல் ஆக வேண்டும், கொழுந்து விட்டு எரிகிறபோது போட்டால் கசக்கும். அகலமான சட்டியில் கால் கப் நல்லெண்ணெய், நடுவே ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் தணல், தணல்மேல் நாலு சொட்டு எண்ணெய். புகை கிளம்பினதும் தட்டால் மூடி ஐந்து நிமிடம். பத்து நிமிடம் விட்டால் குழம்பு தார் மாதிரி மணக்கும், அதையும் பார்த்தாயிற்று. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். அடைத்த அறையில் கரித்தணல் ஆபத்தானது. அந்த எண்ணெயில்தான் தாளிப்பு.

தாளிக்கும்போது சோம்பு, வெந்தயத்தோடு கல்பாசியும் சேரட்டும். செட்டிநாட்டுச் சமையல்காரர்கள் அதை விடாமல் போடுவதற்கு அர்த்தம் இருக்கிறது. பாசி என்று பேர் இருந்தாலும் அது மரத்திலும் பாறையிலும் படர்கிற லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்கிற ஒன்று. கையில் வைத்து முகர்ந்தால் காய்ந்த இலை. சூடான எண்ணெய் பட்டதும் மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசம் எழும். சின்னச் சின்னதாக இரண்டு இதழ் போதும். கறுப்பு ஏலக்காயையும் புகையில்தான் உலர்த்துகிறார்கள், ஆனால் அதில் ஒரு கற்பூரச் சாயல் உண்டு. ராஜ்மாவுக்குப் போடுங்கள், புளிக்குழம்புக்கு வேண்டாம்.

மீதியெல்லாம் ஆத்தாவின் கை. சின்ன வெங்காயத்தில் பாதியைத் தோலோடு தணலில் சுட்டுப் பிதுக்கிப் போடுவது, புளியையும் தணலில் ஒரு புரட்டுப் புரட்டி ஊறவைப்பது, மொச்சையை முந்தின ராத்திரியே ஊறப்போடுவது. காய்ந்த காளானை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, எண்ணெயில் வதக்கி, கடைசிப் பத்து நிமிடம்தான் குழம்பில் விட வேண்டும். ஊறின தண்ணீரையும் ஊற்றுங்கள், ருசி அதில்தான் இறங்கியிருக்கும். எல்லாம் கொதித்து முடியும்வரை குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். காளான் விடுகிற உப்பே பெரும்பாலும் போதும். ஆத்தாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் அவருக்கு வைக்கிற அன்று ஊறின தண்ணீரில் பாதியைக் கொட்டிவிடுகிறேன்.

பழைய சோற்றுக்கு இவ்வளவு வேலை வேண்டாம். காய்ந்த கீற்றைப் புகையெண்ணெயில் முறுக வறுத்து, அம்மியில் ஒரு தட்டுத் தட்டி வைத்தால் போதும். ஒரு வாய் நீச்சோறு, ஒரு துணுக்கு இது, ஒரு கடி சின்ன வெங்காயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதற்காகவே சனிக்கிழமை ராத்திரி சோறு மிச்சம் வைக்கிறோம்.

கருவாட்டுக் குழம்புக்கும் இப்படி ஏதாவது வழி உண்டா என்று கேட்கிறார்கள். என்னிடம் இல்லை. கருவாட்டின் வாசம் கடல் வாசம், அதை உப்பாலும் புகையாலும் செய்ய முடியாது. கடற்பாசியைப் பொடித்துப் போட்டுப் பார்த்தேன், திருப்தியாக இல்லை. அதை விட்டுவிட்டேன்.

முதல்முதலாகக் காளான் கண்டத்தில் குழம்பு வைத்த அன்று ஆத்தா தட்டில் இரண்டாவது தடவையும் ஊற்றச் சொன்னார். "கண்டம்னு சொல்லாதய்யா. இது வேற. ஆனா நல்லாருக்கு. பூண்டு இன்னும் நாலு பல்லு வச்சிருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அரை கிலோவுக்குப் பன்னிரண்டு பல். பேரை அவரே வைத்தார், காளாங்கொடி என்று. எங்கள் வீட்டில் இப்போது அதுதான் பேர்.

இந்தப் பங்குனியில் இரண்டு கிலோ கோத்துக் கட்டியிருக்கிறேன். மாடியில் நாலு கயிறு, பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. காக்கை ஒன்றும் வரவில்லை. ஆனால் நேற்றுச் சாயங்காலம் இறக்கப் போனால் மூன்றாவது கயிற்றில் பாதி நூல்தான் இருந்தது. வீட்டில் இன்னும் கறி சாப்பிடுகிற என் மகள், துணி காயப்போடப் போகும்போதும் எடுக்க வரும்போதும் ஒவ்வொன்றாக உருவித் தின்றிருக்கிறாள். நாளைக்கு இன்னொரு கிலோ வாங்க வேண்டும்.