மேட்டு நிலமும் லாரி வாடகையும்

கிருஷ்ணகிரியில், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையும், சென்னையிலிருந்து மும்பை வழியாக டெல்லிக்குச் செல்லும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கின்றன. ஆனால் ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. அதனால்தான் மாங்கூழும் கிரானைட்டும் லாரியை நம்பியே எங்கள் மாவட்டத்தை விட்டுப் புறப்படுகின்றன.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் குளிர்ச்சி ரோஜாவுக்கு உகந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குளிர்ச்சியோடு, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு என்னும் பெரிய சந்தையும் இருப்பதால்தான் பறித்த பூ வாடுமுன் விலைபோகிறது என்பது என் எண்ணம். (மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கும் இதே மேட்டு நிலக் குளிர்ச்சிதான் துணை.)

தெற்கே தொப்பூர் கணவாயில் நிலைமை வேறு: தருமபுரியை நோக்கிச் சரக்கோடு ஏறும் லாரிகள் ஊர்ந்தே வருவதால், அங்கே செலவாகும் டீசலும் நேரமும் வாடகையில் சேர்ந்துவிடுகின்றன.