சுங்கை சிப்புட்டில் பாப்பாவுக்கு முடி இறக்கிய கதை

பாப்பாவுக்கு ஒன்பதாவது மாதத்தில் முடி இறக்குவது என்று முடிவானதும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாட்டி வேலை செய்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நாங்கள் இருக்கும் கிள்ளானில் கோயில் இல்லையா, பத்துமலை பக்கத்தில்தானே இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். அம்மாவுக்கு முடி இறக்கியது அங்கே, எனக்கும் அங்கே. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, இனி அவரால் அவ்வளவு தூரம் காரில் உட்கார முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி, சனிக்கிழமை காலை முடி இறக்கி, ஞாயிறு திரும்பிவிடுவது என்று திட்டம். நடந்த குளறுபடிகளை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அத்தனையிலும் பாப்பாவைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் யார் என்பதை அவள் வளர்ந்ததும் படிக்க வேண்டும்.

ரவாங்கைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. தஞ்சோங் மாலிம் வரை கார்கள் ஊர்ந்துகொண்டே போயின. பாப்பா கொஞ்ச நேரம் தூங்கினாள், அப்புறம் விழித்துக்கொண்டு, இருக்கையில் கட்டிப் போட்டிருப்பது பிடிக்காமல் முதுகை வளைத்து வளைத்து அழுதாள். "தூக்கி மடியில வச்சுக்கம்மா, புள்ள தொண்டை வத்திப் போவுது" என்று அம்மா கெஞ்சினார். குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டமே இல்லாவிட்டாலும் அந்த மழையில் முன்னால் போகிற லோரி திடீரென்று நின்றால் என் இரண்டு கையால் அவளைப் பிடித்து நிறுத்த முடியாது. அழட்டும் என்று விட்டேன். அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் பேம்பர்ஸ் நிறைந்து வழிந்தது. இருக்கை, அவள் சட்டை, என் துப்பட்டா எல்லாம் போச்சு. வழியில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினோம். குழந்தைக்குத் துணி மாற்றும் பலகை பெண்கள் கழிப்பறையில் மட்டும்தான் இருந்தது, அங்கே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. என் வீட்டுக்காரருக்கு எல்லாம் மாற்றத் தெரியும், தினமும் மாற்றுகிறவர்தான், ஆனால் அவர் போய் மாற்ற ஓர் இடம் இல்லை. அப்பாக்கள் பிள்ளையைக் கழுவ மாட்டார்கள் என்று யார் முடிவு செய்தது? எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. காரின் பின்பக்கக் கதவைத் தூக்கி, சாமான்களைத் தள்ளி, பாய் விரித்து, அம்மா குடை பிடிக்க, அவர்தான் மாற்றினார்.

தாப்பாவைத் தாண்டி கோப்பேங் வருவதற்குள் பின் டயர் வெடித்தது. அவசரப் பாதையில் ஒதுக்கிவிட்டு, நானும் அம்மாவும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். நெடுஞ்சாலையில் கார் நின்றால் உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள், மழையானாலும் இறங்கிக் கம்பிக்கு வெளியே போய்விடுங்கள். 1800 88 0000 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டதும் நெடுஞ்சாலையின் ரோந்து வண்டியான பிளஸ் ரோண்டா வந்தது. வந்த மலாய் இளைஞர் முதலில் காரைப் பார்க்கவில்லை, "அடிக் ஓகே கா, காக்?" (பிள்ளை நல்லா இருக்கா, அக்கா?) என்று கேட்டு, தன் மழைக்கோட்டைக் கழற்றி எங்கள் தலைக்கு மேல் போர்த்திவிட்டு, அதற்கப்புறம்தான் காருக்குப் பின்னால் கூம்புகளை வைக்கப் போனார். நனைந்துகொண்டே மாற்று டயரைப் போட உதவினார். பெயர் கேட்க மறந்து போனது.

ஜெலாப்பாங்கில் இறங்கி, பழைய சாலையில் செம்மோர் வழியாக ஊர் போய்ச் சேர்ந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. பாட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டி இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் இல்லை. ஆனாலும் குளியலறையில் மூன்று பெரிய வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒன்று, எதிர்வீட்டு அக்கா இரண்டு, கைக்குழந்தை வருகிறது என்று தங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து மொண்டு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் கால்மேல் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டார். வழியெல்லாம் அழுத பிள்ளை சத்தமே போடவில்லை.

சனிக்கிழமை இன்னும் மோசம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். என் தம்பி ஜொகூர் பாருவில் வேலை செய்கிறான், லார்க்கினில் இரவுப் பேருந்து ஏறி, விடிகாலை ஈப்போவில் இறங்கியிருக்க வேண்டியவன். பேருந்து பாதி வழியில் பழுதாகி, மாற்று வண்டி வந்து, ஒருவழியாக அவன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். சரி, காத்திருந்து செய்வோம் என்றால், முடி இறக்க வந்தவர் அதற்குள் இன்னொரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் தோட்டத்துக்குள் போகிற செம்மண் பாதையில் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி ஒன்று சேற்றில் இறங்கி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் அண்ணன் எங்களைவிடப் பதற்றமாக இருந்தார். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும், கிடந்தால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெட்டுவிடும். காரை அங்கேயே விட்டுவிட்டு, பொங்கல் பானை, மாலை, பாப்பா எல்லாவற்றையும் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். பாட்டியை என் வீட்டுக்காரர் ஒரு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தார், வண்டி யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோயில் வாசலில் குரங்குகள் பாப்பாவின் கஞ்சி டப்பாவையும் வாழைப்பழத்தையும் தூக்கிக்கொண்டு போயின. பாப்பாவுக்குப் பசி. பூசாரியின் மனைவி உடனே சாதத்தைக் குழைய வடித்து, பருப்புத் தண்ணீர் விட்டு மசித்துக் கொடுத்தார். பதினொன்றரைக்கு முடி இறக்குபவர் திரும்பி வந்தார். தம்பி தூக்கம் இல்லாத கண்ணோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான், பாப்பா அவன் மடியில் உட்கார்ந்து சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை உருட்டி விளையாடினாள், கத்தி தலையில் படும்போதுகூட அழவில்லை. சந்தனம் பூசியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு முறை டயர் வெடித்தாலும் பரவாயில்லை.

அன்று இரவு காய்ச்சல். 38.6. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் ஒன்பது மாத எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) ஊசி போட்டிருந்தோம், ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் வரலாம், லேசாகத் தடிப்பும் வரலாம் என்று கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் இரவு ஒரு மணிக்கு அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணு பட்டிருக்கு என்று ஒரு அத்தை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார், இன்னொருவர் சாம்பிராணி போடலாம் என்றார். புகை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாட்டி யாரிடமும் வாதம் செய்யவில்லை. "சட்டைய கழட்டும்மா, பால் குடு. கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனா?" என்று என்னிடம் கேட்டார். ஊர் மருத்துவமனையில் டாக்டர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். எடை பார்த்து, அதற்கேற்ற அளவில் பாரசிட்டமோல் கொடுத்தார்கள். வீடு திரும்பியபோது எதிர்வீட்டு அக்கா விளக்கை அணைக்காமல் விழித்திருந்தார்.

பாட்டி சேலையில் தூளி கட்டிப் பாப்பாவைப் போட்டு ஆட்டிக்கொண்டே அன்றிரவு நிறையப் பேசினார். அவர் முதலில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர், முழங்கால் வலி வந்தபின் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார்களாம். விடியுமுன் குளிரில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும், அதனால் தாய்மார்கள் இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டும். போகிற வழியில் தூங்குகிற பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தூளிகள், எல்லாவற்றுக்கும் ஒரே கயிறு, அதை இழுத்தால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும். எந்தப் பிள்ளை பசிக்கு அழுகிறது, எது வலிக்கு அழுகிறது என்று சத்தத்திலேயே தெரியும் என்றார். அதை நான் நேரில் பார்த்துவிட்டேன்.

சுங்கை சிப்புட் என்றால் 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்திலும் அந்த வட்டாரத்து இன்னொரு தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டது, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது என்று எழுதுகிறார்கள். இல்லையென்றால் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் ஊர் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும், அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த பெண்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. கொட்டகை இப்போது இல்லை, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை உடைத்தாயிற்று, ரப்பர் போய்ச் செம்பனை வந்தாயிற்று. அந்தக் கைகள் மட்டும் தாமான் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தூரம், ஜாம், மழை என்று தள்ளிப் போடாமல் பாட்டிமார்களிடம் பிள்ளையைக் கொண்டுபோங்கள். கைபேசியில் முகம் காட்டினால் மட்டும் போதாது, அவர்கள் தூக்க வேண்டும்.

ஞாயிறு காலை காய்ச்சல் இறங்கியது. மாற்று டயரோடு நெடுஞ்சாலையில் கிள்ளான் வரை போக எனக்கு இஷ்டமில்லை, ஊரில் டயர் கடை எதுவும் திறக்கவில்லை. கடைசியில் தம்பியும் என் வீட்டுக்காரரும் ஈப்போ போய் டயர் மாற்றி வந்தார்கள், கிளம்ப மதியம் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை பாப்பாவின் முதுகில் லேசான தடிப்பு வந்தது, மிஸ்ஸி பார்த்துவிட்டு ஊசியால்தான், தானாகப் போய்விடும் என்றார். போயும் விட்டது.

தீபாவளிக்குக் காரில் போவதாக இல்லை. இடிஎஸ் என்கிற மின்சார விரைவு ரயில் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கிறது, பாப்பா நடுவில் எழுந்தால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். டிக்கெட் விற்பனை திறந்த அன்றே எடுத்துவிடு என்று தம்பியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.