வலிக்காத புண்

கபாலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் 11 மணி வெயிலில் வெறுங்காலோடு சுற்றும் சர்க்கரை நோய்க்காரர்களைப் பார்த்தால் பதறுகிறது. நரம்பு மரத்துப்போன காலுக்குச் சூடும் தெரியாது, கொப்புளமும் தெரியாது.

எதிர்வீட்டு அத்தைக்குச் செருப்புக்குள் கிடந்த சின்னக் கல்தான். வலிக்கவில்லை என்று மஞ்சள் பற்றுப் போட்டு விட்டுவிட்டார். செருப்பு ஈரமாக ஒட்டியபோதுதான் சீழ் வைத்தது தெரிந்தது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் லேசில் ஆறாது, கிருமி எலும்பு வரை இறங்கிவிடும்.

அப்பா அம்மாவின் பாதத்தை ராத்திரியில் ஒரு தடவை பாருங்கள். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, முக்கியமாக அடிப்பாதம். கால் ஆணியை பிளேடால் சீவ விடாதீர்கள், தயவுசெய்து.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே அரசு பொது மருத்துவமனையிலேயே நீரிழிவுப் பிரிவு இருக்கிறது. உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழையைப் பாதத்தில் லேசாக அழுத்துவார்கள், அவ்வளவுதான். அப்புறம், எம்.சி.ஆர். செருப்பு (மரத்த காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) பற்றியும் அங்கேயே கேளுங்கள்.