ஈர்க்குச்சி வரைந்த நாடி: மூன்றாவது வாரம்

நாடித் துடிப்பைக் கோடாக வரையும் கருவி ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் வீணானதற்கு என் பிடிவாதம்தான் காரணம். 1850-களில் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் உடலியல் அறிஞர் கார்ல் ஃபியரோர்ட் செய்ததுபோல, நெம்புகோலின் மேல் எடை வைத்து நாடியை அழுத்தினேன். மூங்கில் குச்சி, எடைக்கு ஒரு ரூபாய் நாணயங்கள். கோடு விழுந்தது, ஆனால் எல்லாத் துடிப்பும் ஒரே அச்சில் வார்த்த மணல்மேடுகள் மாதிரி. ஏற்றமும் இறக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. அவருக்கும் அப்படித்தான் வந்ததாம். எடை கூடிய கோல் மெல்ல எழும், மெல்ல விழும். நாடியின் சுபாவம் அதில் தெரியாது.

பிரான்ஸில் எத்தியேன்-ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர் 1860-இல் மாற்றியது இதைத்தான். அழுத்தும் வேலை வில்லுக்கு. கோலுக்கு எழுதும் வேலை மட்டும். பழைய டைம்பீஸின் சாவி வில்லில் 6 செ.மீ. வெட்டி, அடியில் ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டினேன். கோலுக்குத் தென்னை ஈர்க்கு. எடையே கிடையாது, இதைவிட என்ன வேண்டும்! கோல் சுழலும் அச்சிலிருந்து 5 மி.மீ.யில் வில் தொடுகிறது, 15 செ.மீ.யில் நுனி. அதாவது அசைவு 30 மடங்காகத் தெரியும்.

மாரேயின் கருவியில் கோடு விழும் தட்டு நகரும். நான் 1847-இல் ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் பயன்படுத்திய சுழலும் உருளையை எடுத்துக்கொண்டேன். பால்பவுடர் டப்பா, பழைய மைக்ரோவேவ் தட்டின் மோட்டார், நிமிடத்துக்கு 5 சுற்று. வழவழப்பான காலண்டர் தாளைச் சுற்றி, சிம்னி விளக்கின் திரியை உயர்த்திக் கரி பிடித்தேன். ஈர்க்கின் நுனி அந்தக் கரியைக் கீறித்தான் கோடு போடும். முதல் தாள் எரிந்தே போனது.

சரி, இரண்டாவது தாள். விருட்டென்று ஏற்றம், சாய்வாக இறக்கம், இறக்கத்தின் நடுவே ஒரு குட்டி மேடு! இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வால்வு மூடும்போது வருவது. ஆனால் ஈர்க்கு துள்ளிய துள்ளலாகவும் இருக்கலாமே? பொத்தானைப் பென்சிலால் தட்டிப் பார்த்தேன். துள்ளல் என்றால் உடனே பொடி நடுக்கமாக விழுகிறது. இந்த மேடு ஒவ்வொரு துடிப்பிலும் ஏற்றம் தொடங்கி ஏறக்குறைய 7 மி.மீ. தள்ளி, அதே இடத்தில். அப்புறம்தான் நம்பினேன்.

அப்பாவுக்கும் கட்டிப் பார்த்தேன். அவர் கோட்டில் அந்த மேடு தேடினாலும் கிடைக்கவில்லை. வயதானால் அது மங்கும்தான். ஆனால் கருவியைக் கையில் கட்டிய பட்டை தளர்ந்திருந்ததும் உண்மை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கரி அழியாமலிருக்க, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தூரிகையால் பூசினேன். பாதிக் கோடு தூரிகையோடு வந்துவிட்டது. அடுத்த முறை தாளையே தட்டில் ஊற்றிய அரக்கில் முக்கி எடுக்க வேண்டும்.